அப்பாவின் கொட்டாவி

நாலாவது வரை படித்த நான் இன்று பெருமாள்மலையில் மூன்று விடுதிக்குச் சொந்தக்காரன். நேற்று தங்க வந்த பெண் தன் தாத்தாவின் கொங்கணி நாவலை உரக்கப் படித்தாள். அந்த ஓசையில் எங்கள் பழைய வீட்டுப் பூண்டு வாசம் மூக்கில் ஏறியது.

அந்த நாவலை எழுதியபோது அவள் தாத்தா எங்கள் வீட்டில்தான் குடியிருந்தார். எழுதியதைச் சாயந்திரம் அப்பாவுக்கு வாசிப்பார். மொழி தெரியாத அப்பா கொட்டாவி விட்டால், அந்தப் பக்கத்தை அவர் கிழித்துவிடுவார்.

“என்னங்கய்யா இது! வெள்ளனே எந்திரிச்சுப் பூண்டு பிடுங்குன மனுசன் கொட்டாவி விடாம என்ன செய்வாரு?” என்பாள் அம்மா.

“கதை நல்லாருந்தா தூக்கம் வராதும்மா” என்பார் அவர்.

“கடைசி அத்தியாயத்தைத் தாத்தா ஏன் கிழிச்சாருன்னு யாருக்குமே தெரியலைங்க” என்றாள் பேத்தி, நேற்று படித்து முடித்ததும்.

கடைசி அத்தியாயம் வாசித்த சாயந்திரமும் அப்பா கொட்டாவி விட்டார். அன்றைய கொட்டாவி கதைக்கா, களைப்புக்கா?