வலையில் விழாத மீன்

ஓட்டமாவடியில் பஸ் ஏறி என் பக்கத்தில் அமர்ந்தவருக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி, காதிடுக்கில் பேனை, கையில் மடித்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை. குறுக்கெழுத்தில் நாலு பெட்டிகள்தான் மிச்சமிருந்தன.

“வலையில் விழாத மீன், நாலு எழுத்து. விடையச் சொல்லிப்போடாதீங்க தம்பி. சின்னக் குறிப்பு மட்டும் தாங்க,” என்றார்.

எனக்கு விடை தெரிந்திருந்தது. “மேல பாருங்க,” என்றேன்.

அவர் பஸ்ஸின் கூரையைப் பார்த்தார். முன் சீட்டிலிருந்த இரண்டு பெண்களும் பார்த்தார்கள்.

“தட்டில என்ட குடைதான் இருக்கு,” என்றார் கவலையாக.

“இன்னும் மேல. ராவில தெரியும்.”

“வௌவாலா? வௌவால் மீன் வலையில படுமே!”

செங்கலடி தாண்டியதும் கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. “விண்மீன் காக்கா, விண்மீன்!” என்று பெரியவரை அண்ணன் முறையில் கூப்பிட்டுக் கத்தினார்.

பெரியவரின் முகம் வாடிவிட்டது. பேனையை மூடினார்.

“எழுதுங்களன்,” என்றேன்.

“அது அவர்ட விடை. நான் எப்பிடி எழுதுற?”

ஏறாவூரில் இறங்கும்போது பத்திரிகையை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். விடை எனக்கு முதலிலேயே தெரிந்ததுதான். ஆனாலும் அந்த நாலு பெட்டிகளை நிரப்ப இன்றுவரை எனக்கும் கை வரவில்லை.