அமிர்தி இறக்கத்தில் மாமாவின் வண்டி

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, கல்யாணம் கூடிவரும் முன்பே ஒரு பழைய அமெரிக்கக் கார் கூடிவந்துவிட்டது. ஆரணிப் பக்கம் மூடிக் கிடந்த அரிசி மில் ஒன்றின் கொட்டகையிலிருந்து அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். பின் சீட்டில் கோழி அடைகாத்த வைக்கோல் அப்படியே இருந்தது. பெண் பார்க்கப் போகலாமா என்று யாராவது கேட்டால், கார்புரேட்டர் வேலை முடியட்டும் என்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வேலூரில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி மாமாவின் லேத் பட்டறை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பூட்டிவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். சென்னையிலும் கோவையிலும் இதே பைத்தியம் பிடித்த நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களோடு செல்போனில் பேசும்போது மட்டும் மாமாவின் குரலில் ஒரு மரியாதை வந்துவிடும். எங்கும் கிடைக்காத சாமான்களை அமெரிக்காவிலிருந்து பார்சலில் வரவழைப்பார். அப்பாவுக்கு அந்த வண்டி பிடிக்காது. மாமாவையே அவ்வளவாகப் பிடிக்காது என்பதை அந்த வண்டியைச் சாக்காக வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை, காவலூரில் பெரிய தொலைநோக்கியைக் காட்டுகிறேன் என்று மாமா என்னையும் அம்மாவையும் அழைத்தார். புறப்படும்போது, பிரேக்குக்குள் இருக்கும் ரப்பர்கள் கொஞ்சம் பழசு, புதுசு பார்சலில் வந்துகொண்டிருக்கிறது என்றார். அம்மா கதவில் கை வைத்தபடி நின்றார்.

"தாங்குமாடா?"

"தாங்கும்க்கா. நா பாத்துட்டேன்."

வண்டியின் முன் சீட்டு எங்கள் வீட்டு சோபாவைவிட நீளம். ஸ்டியரிங் இடது பக்கம். மாமா அங்கே, நடுவில் நான், வலது ஓரத்தில் அம்மா. முன்னால் போகும் வண்டியைத் தாண்ட வேண்டுமென்றால் எதிரே என்ன வருகிறது என்று மாமாவுக்குத் தெரியாது. அம்மாதான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஸ்கூட்டிகூட ஓட்டத் தெரியாத அம்மா அன்று காலை அதை மிகவும் ரசித்துச் செய்தார். மலை ஊர்களில் ஜனங்கள் வேலையை விட்டுவிட்டு வண்டியைப் பார்த்தார்கள். மாமா ராஜா மாதிரி கையசைத்தார்.

தொலைநோக்கியைப் பார்த்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே அமிர்திப் பக்கம் மலையிறங்கினோம். நாலைந்து வளைவு தாண்டியதும் ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாசனை வந்தது. நடுவில் உட்கார்ந்திருந்ததால் மாமாவின் கால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். அது எதிர்ப்பே இல்லாமல் தரை வரைக்கும் போயிற்று. மறுபடி மிதித்தார். மறுபடி. தண்ணீருக்குள் கால் வைப்பது போல இருந்தது அது. நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

கியரைக் குறைத்தார். எஞ்சின் அலறியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்ததும் பின்னாலிருந்து புகை வந்ததே தவிர வண்டி அடங்கவில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மரங்களின் உச்சி மட்டும். அந்த உச்சிகளுக்குக் கீழே எவ்வளவு ஆழம் என்று காலையில் ஆசையாக எட்டிப் பார்த்திருந்தேன். இப்போது அந்தப் பக்கம் திரும்பவே முடியவில்லை. அம்மாவின் கை என் முழங்காலை அழுத்தியது. அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது.

அடுத்த வளைவைத் திரும்பியதும் ஒரு டிராக்டர். புளி மூட்டை ஏற்றிக்கொண்டு, பாதி ரோட்டை அடைத்தபடி, எங்களுக்கு முன்னால் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. மாமா ஹாரனை விடாமல் அடித்தார். மூட்டைகள் கண்ணாடிக்கு நேராகப் பெரிதாகிக்கொண்டே வந்தன.

"அக்கா, இன்னா வர்து பாரு."

அம்மா இடுப்பு வரை ஜன்னலுக்கு வெளியே சாய்ந்தார். நான் அவர் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

"பஸ் வர்து. இரு."

இருப்பதற்கு எங்களிடம் பிரேக் இல்லை. மாமா ஏதோ முனகினார். மூட்டையின் தையல்கூட எனக்குத் தெரிந்தது. பஸ் காற்றை அறைந்துகொண்டு எங்களைத் தாண்டிய அதே நொடியில் அம்மாவின் குரல் கேட்டது.

"போடா."

மாமா ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். டிராக்டர்காரரின் திறந்த வாய் என் பக்கத்தில் வந்து பின்னால் போனது. அதற்கப்புறம் மாமா வண்டியைப் பாறைப் பக்கம் கொண்டுபோய் உரசவிட்டார். தகரம் கிழிகிற சத்தம் பல்லுக்குள் கேட்டது. கடைசியில் ரோட்டு வேலைக்காகக் கொட்டியிருந்த மண் குவியலில் முட்டி நின்றோம்.

யாருக்கும் பெரிய காயமில்லை. என் உதடு மட்டும் கிழிந்திருந்தது. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். கால் இன்னும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. அம்மா சுற்றி வந்து அந்தக் காலைக் கையால் தூக்கி எடுத்துக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அமிர்தியில் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்ததும், என் உதட்டைப் பார்த்து என்ன ஆயிற்று என்று அப்பா கேட்டார். மாடு குறுக்கே வந்துவிட்டது, தம்பி சாமர்த்தியமாகத் திருப்பிவிட்டான் என்று அம்மா கூசாமல் சொன்னார். பென்சில் தொலைந்ததற்கு நான் சொன்ன சின்னப் பொய்க்கு முட்டி போட வைத்தவர். நான் வாயைத் திறந்தேன். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். பல நாள் கண்ணை மூடினால் மாமாவின் கால் தரை வரைக்கும் போய்க்கொண்டே இருந்தது.

மாமா இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பார்சல் வந்து, ரப்பர்களை மாற்றி, கதவைத் தட்டி நிமிர்த்தி, உள்ளேயும் வெளியேயும் பெயிண்ட் அடித்த பிறகு ஒரு ஞாயிறு காலை வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். ஹாரன் அடிக்கவில்லை, இறங்கவுமில்லை. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் உள்ளே ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு நேராகப் போய் முன் சீட்டில் ஏறினார். தெருமுனை வரைக்கும் போய்ட்டு வர்லாம் எடுடா என்று மாமாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. மாமா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வண்டி நகர்ந்தபோது முன் கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கைகளையும் டாஷ்போர்டில் அழுத்தி வைத்திருந்தார். புதுசாக அடித்த பெயிண்ட் வழவழப்பாக இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். இந்த அம்மாவுக்குப் பயமே கிடையாதா என்று எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.