கத்தாத கல்

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாகப் படித்தாள். தீப்பாறை என்பது நெருப்புக் குழம்பு ஆறி இறுகியது. படிவுப்பாறை தண்ணீருக்கடியில் அடுக்கடுக்காகப் படிந்தது. இரண்டு வரிதான். பிசைந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது. இந்தப் பேர்கள் எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டையும் கடப்பாரையால் குத்தியவன் நான்.

இரண்டாம் உலகச் சண்டைக்காலம் அது, அரிசிக்குக் கூப்பன் கொடுத்த வருஷங்கள். பெரம்பலூர்ப் பக்கம் கிணறு வெட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கருங்கல்லைத் தட்டினால் வெண்கலம் மாதிரி ‘ணங்’கென்று கேட்கும். பொறி பறக்கும், நகம் தீய்ந்த மாதிரி ஒரு வாடை வரும். அந்தக் கல் விழுவதற்கு முன்னால் கத்தும். உள்ளுக்குள் ‘டிக்’கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், கயிற்றைப் பிடித்து ஏறிவிடுவோம். அதனால் தினமும் இறங்குவதற்கு முன் விளிம்பில் படுத்து மூச்சடக்கிக் காது கொடுப்பது வழக்கம். அது என் வேலை. முறம் மாதிரி இருக்கும் என் காதில் எனக்கு அப்படி ஒரு கர்வம். இப்போது பேத்தி கத்திக் கூப்பிட்டால்தான் திரும்புகிறேன், அது வேறு கதை.

அரியலூரைத் தாண்டி, கல்லங்குறிச்சிப் பக்கம் ஒரு கொல்லைக்காரர் தன் புஞ்சை நிலத்தில் கிணறு வெட்டக் கூப்பிட்டார். நானும் மருதையும் போனோம். மருதை என் தங்கச்சியைக் கட்டியவன். அங்கே கல் வெளுப்பு. குத்தினால் ‘தொப்’ என்றது. பொறி இல்லை, ஈரச் சேற்று வாடை. தகடு தகடாகப் பெயர்ந்தது. நடுவில் ஒரு கிளிஞ்சல். மருதை அதை ஊதித் துடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தான்.

“மச்சான், கடலு இங்கனதான் கெடந்துருக்கு.”

“உப்புக் கரிக்குதா?”

“ஒங்க தங்கச்சி கொழம்ப விடக் கம்மிதான்.”

ஐந்தாறு ஆள் ஆழம் போயிருப்போம். ஒரு மழை பெய்தது. மறுநாள் காலையில் கொல்லைக்காரர் வந்தார்.

“பலகை வச்சு முட்டுக் குடுத்துட்டு எறங்குங்கய்யா. எங்க ஊரு கல்ல நம்பாதீங்க.”

“பாறைக்கா முட்டு? எங்கூருல கேட்டா சிரிப்பாங்க” என்று நானே சிரித்தேன்.

மருதை தயங்கினான். “ஒரு தடவ நல்லாக் கேட்டுடுங்க மச்சான்.”

குப்புறப் படுத்துக் கேட்டேன்.

“சத்தமே இல்ல மாப்ள, எறங்கு.”

அவன் இறங்கிய கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கச் சுவர் வழுக்கிக்கொண்டு போனது. ‘டிக்’ என்றுகூடக் கேட்கவில்லை. இரண்டு நாள் தோண்டினோம். எடுக்க எடுக்கச் சரிந்தது. மூன்றாம் நாள் கிணற்றை அப்படியே மூடினோம். ஊரிலிருந்து ஒரு கருங்கல்லை வண்டியில் கொண்டுபோய் அதன்மேல் நட்டேன்.

தங்கச்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “கல்லு கத்தலியா அண்ணே?”

“கத்தல தாயி.”

பொய் இல்லை. ஆனால் கொல்லைக்காரர் சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் சாகிறவரைக்கும் சொல்லவில்லை.

அவள் போன பிறகு ஒரு முறை அங்கே போனேன். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்கிற சுரங்கம் வந்திருந்தது. காவலாளியிடம் மூடிய கிணறு, நட்ட கல் என்று அடையாளம் சொன்னேன்.

“எந்தக் கெணறு பெரியவரே? இங்க கொல்லையே இல்லீங்களே.”

சுரங்கக் குழியின் விளிம்பில் நின்று பார்த்தேன். மருதை கிடந்த ஆழத்துக்கும் கீழே, வெகு கீழே, லாரிகள் ஊர்ந்தன. அவன் இருந்த இடத்தில் வெறும் காற்று. என் காலுக்குக் கீழே, அந்தக் காற்றில், ஒரு காக்கை பறந்து போனது.