சத்தமில்லாத டவுன் பஸ்

கண்டக்டர் வேலையில் சில்லறைத் தகராறுதான் பெரிய தொல்லை என்று பதினெட்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் டிப்போவுக்குக் கரண்டு பஸ் வந்ததும் அந்த நம்பிக்கை போய்விட்டது.

நாமக்கல்–எருமப்பட்டி தடத்தில் மூன்று மாதம் ஓட்டிப் பார்ப்பார்கள். கூட்டம் ஏறினால் வண்டி எங்களுக்கு, இல்லாவிட்டால் சேலத்துக்கு. டீசல் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இடுப்பு பிடித்துக்கொண்ட உங்களுக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை, குலுங்காத இந்த வண்டியை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

பூஜை

முதல் நாள் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். டிப்போவுக்கு எதிரே லாரிப் பட்டறை வைத்திருக்கும் பெரியசாமி அண்ணன் டயர்களைத் தட்டிப் பார்த்தார், அடியில் குனிந்து பார்த்தார், எஞ்சினைத் தேடினார். அப்புறம் முகம் வாடி என்னிடம் வந்தார்.

"ஏனுங்க கண்டக்டரு, டீசல் வண்டி ஓடுனா ஊருல பத்துப் பட்டறை பொழைக்கும். இது கெட்டே போவாதுன்னா நாங்க எங்கீங்க போறது?"

காலி சீட்டு

முதல் இரண்டு வாரம் பஸ் காற்று வாங்கியது. பெண்களுக்கு டிக்கெட்டே இலவசம், அப்படியும் ஆள் இல்லை. "இத்தனை காசு கொட்டி வாங்கினது வேடிக்கை பார்க்கவா?" என்று மேனேஜர் தினமும் கேட்டார்.

விஷயம் இதுதான். எங்கள் தடத்தில் யாரும் ஸ்டாப்பில் வந்து காத்திருப்பதில்லை. ஏரி மேட்டில் பழைய பஸ் முக்கி முனகி ஏறுகிற சத்தம் கேட்ட பிறகுதான் அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டி, ஓடி வருவார்கள். நேரம் சரியாக இருக்கும். இந்த வண்டியோ சத்தமே போடாமல் வந்து போய்க்கொண்டிருந்தது. பண்ணையில் முட்டை வாங்கி நாமக்கல் கடைகளுக்குப் போடுகிற செல்வி அக்கா ஒரு நாள் துரத்தி வந்து, பஸ்ஸின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டி நிறுத்திவிட்டார்.

"வாரேன்னு ஒரு சத்தங் குடுக்க வேண்டாமுங்களா? திருட்டுப் பூனையாட்டம் வந்துட்டுப் போறீங்க."

முட்டைக் கணக்கு

மறுநாளிலிருந்து ஏரி மேட்டில் மூன்று ஹாரன். கூட்டம் தானாக வந்தது.

மூன்றாம் மாதக் கடைசியில் மேலதிகாரி ஒருவர் எங்கள் பஸ்ஸில் ஏறினார். வண்டி நிறைந்திருந்தும் அவர் முகம் தெளியவில்லை. "வண்டி விலை அதிகம். பாதிப் பேருக்கு டிக்கெட் இலவசம். கட்டுப்படியாகுமா?" என்றார். போச்சு என்று நினைத்தேன்.

செல்வி அக்கா மடியிலிருந்த முட்டை அட்டையை அவர் முன்னால் நீட்டினார். ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

"பழைய பஸ்ல அட்டைக்கு நாலு ஒடையும், பாதி நாளு கூலியே நிக்காது. வண்டி வெல போடறப்ப எங்க ஒடையாத முட்டையவும் சேத்திக் கணக்குப் போடுங்க சாமி."

பஸ் எங்களுக்கே கிடைத்தது, என் இடுப்பும் நேரானது, பெரியசாமி அண்ணன் மட்டும் வண்டி என்றைக்காவது கெட்டுப் போகாதா என்று தினமும் காலையில் வந்து டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.