முடி இறக்கும் வரை

என் மகனுக்கு இரண்டு வயது நிறைந்தபோது அவன் முடி முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தது. தஞ்சோங் காராங் சந்தையில் மீன் விற்ற சீனப் பெண்மணி அவனைப் பெண்பிள்ளை என்று நினைத்து 'அமோய்' என்றுதான் கூப்பிடுவாள். ஆரம்பத்தில் பையன் பையன் என்று திருத்திப் பார்த்தேன். பையனுக்கு ஏன் சடை என்று கேட்பாள். அதற்கு என் அரைகுறை மலாயில் பதில் சொல்லி முடிப்பதற்குள் வாங்கிய மீன் நாறிவிடும். அமோய் என்றால் அமோய் என்று விட்டுவிட்டேன்.

பதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. அவனுக்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. மூன்றாவதாக இவன் வயிற்றில் இருந்தபோது, எங்கள் செம்பனைத் தோட்டத்தின் கடைசியில் இருக்கும் முனியாண்டி கோயிலுக்கு என்னை அழைத்துப் போன மாமியார் கற்பூரத்தை ஏற்றிவிட்டுச் சத்தமாக வேண்டிக்கொண்டார்.

"புள்ள நல்லபடியா பொறந்தா மொத முடி ஒனக்குத்தான்யா. திருவிழா அன்னிக்கு எறக்குறோம். அதுவரைக்கும் தலையில கத்தி படாது, புள்ள ஆறு தாண்டாது."

கத்தி படாது என்பது எல்லாரும் சொல்வது. ஆறு தாண்டாது என்பது எங்கிருந்து வந்தது என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன். "அது வாயில வந்துருச்சு ஆயி," என்றார். வாயில் தானாக வந்ததால் அது சாமியே சொன்னதாகிவிட்டது. அதற்கு மேல் பேச்சில்லை.

அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அன்று பக்கத்தில் கைகூப்பி அழுதுகொண்டு நின்றவள் நான். ஆறு இல்லை, தோட்டத்து ரோடு தாண்டாது என்று சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். பிள்ளை உயிரோடு கைக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் என் அப்பா இருந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம். எங்கள் தோட்டம் சிலாங்கூர் ஆற்றுக்கு வடக்கே. பாலத்தைத் தாண்டி கோலா சிலாங்கூர், அங்கிருந்து அசாம் ஜாவா வழியாக ரவாங் பஸ், அப்புறம் சுங்கை சோ. காலையில் கிளம்பினால் மதியச் சோற்றுக்குப் போய்விடலாம். நான் ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தபோது சர்க்கரை வியாதியில் அப்பாவுக்கு ஒரு கால் எடுத்தார்கள். இன்னொரு காலில் இருந்த புண் ஆறவே இல்லை. அவரைப் பஸ்ஸிலோ டாக்சியிலோ உட்காரவைத்துக் கூட்டிவர வழியில்லை. பிள்ளை பிறந்ததும் அம்மா வந்து கொஞ்ச நாள் எனக்கு மருந்து அரைத்துக் கொடுத்துவிட்டு ஓடினார். அதன் பிறகு அவராலும் அப்பாவை விட்டு வர முடியவில்லை.

அப்பாவுக்கு ஒரே ஆசை. பேரனைப் பார்க்க வேண்டும். முதல் பேரன். என் தம்பி மாதம் ஒரு முறை மோட்டார் சைக்கிளில் வருவான். வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே, "அக்கா, அப்பா கேட்டாரு, எப்ப கூட்டியாருவன்னு," என்பான்.

"திருவிழா முடியட்டும்டா," என்பேன்.

தம்பி வரும் நாளில் என் மகன் கற்றுக்கொண்டதையெல்லாம் செய்துகாட்ட வேண்டும். அவனைப் பாயில் போட்டுக் குப்புற விழவைப்பேன். கிலுகிலுப்பையை எட்ட வைத்துத் தவழவிடுவேன். தூங்குகிற பிள்ளையை எழுப்பி ஈறைக் காட்டியிருக்கிறேன். தம்பி எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்துக்கொண்டு போய், வீட்டில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்து அதையெல்லாம் நடித்துக்காட்டுவானாம். மீசை வைத்த ஆள், சிமெண்டுத் தரையில் வயிற்றால் ஊர்ந்து போவான். அப்பா சிரித்துச் சிரித்து இருமுவார் என்று அம்மா சொன்னார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

முதல் திருவிழா வந்தது. மகனுக்கு உடுத்த மஞ்சள் துண்டைத் துவைத்துக் காயவைத்திருந்தேன். கிடா கட்டிக்கிடந்தது. தம்பிதான் தாய்மாமன், அவன் மடியில் வைத்துத்தான் முடி எடுக்க வேண்டும். அவன் லீவு போட்டிருந்தான். மூன்று நாள் இருக்கும்போது தெலுக் இந்தானில் என் கணவரின் பெரியப்பா இறந்துபோனார். பங்காளி செத்தால் பதினாறு நாள் தீட்டு. கோயில் வாசலைக்கூட மிதிக்கக் கூடாது.

பெரியப்பா சாவுக்கு நானும் உண்மையாகவே அழுதேன். நல்ல மனிதர். தீட்டு முடிந்து பதினேழாம் நாள் எடுக்கலாமே என்று மெல்லக் கேட்டேன். "திருவிழா அன்னிக்குன்னு வேண்டியாச்சு," என்றார் மாமியார். ஒரு வருடம் தள்ளிப்போனது.

அந்த ஒரு வருடத்தில் அவனுக்குப் பல் முளைத்தது, பல்லுக் கொழுக்கட்டை அவித்தோம். தவழ்ந்து போய் வாசல்படி தாண்டினான், அதற்கும் ஒரு கொழுக்கட்டை. எங்கள் லயத்து வரிசையில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன். "படி தாண்டிட்டானா? இனிமே புடிக்க முடியாது," என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கும் யாராவது ஒரு கொழுக்கட்டை அவித்து வாசலைத் தாண்டவிட மாட்டார்களா என்றிருந்தது.

பிள்ளையை விட்டுவிட்டு நான் மட்டும் ஒரு தடவை போனேன். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை, ஒரு நாளைக்குள் திரும்பிவிட வேண்டும். சுங்கை சோ வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா தலையணையில் கையூன்றி எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிந்ததும், "வா ஆயி, சாப்ட்டியா?" என்றார். பால் கட்டி ரவிக்கை நனைந்துபோய்க் கடைசிப் பஸ்ஸைப் பிடித்தேன். அதற்குப் பிறகு தனியாகப் போகவே இல்லை. அந்த வாசல் பார்வையை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது.

இரண்டாம் திருவிழாவுக்கு முன்பு சித்தியவானில் ஒருவர் இறந்தார். அவர் யார் என்று என் கணவருக்கே தெரியவில்லை.

"ஒன் தாத்தாவோட தம்பி மகனுக்கு மகன்டா," என்று மாமியார் விரலை மடக்கி மடக்கிக் கணக்குச் சொன்னார்.

"நான் பாத்ததே இல்லையேம்மா."

"நீ பாக்காட்டி பங்காளி இல்லன்னு ஆயிருமா?"

மறுபடியும் பதினாறு நாள். மறுபடியும் ஒரு வருடம். அதன் பிறகு யார் எங்கிருந்து வந்தாலும், அங்கே இருக்கிற நம்ம சொந்தமெல்லாம் சுகமா என்று விசாரிக்கத் தொடங்கினேன். அந்தக் குடும்பத்துப் பங்காளிகளின் ஆயுளுக்காக என்னைப் போல் வேண்டிக்கொண்ட மருமகள் கிடையாது. யாருக்காவது இருமல் என்றால் எனக்குத் தூக்கம் வராது.

முடி வளர்ந்துகொண்டே போனது. தினமும் காலையில் அவனைக் கால்களுக்கிடையில் இடுக்கிப் பிடித்துக்கொண்டு சிக்கெடுப்பேன். அவன் அலறுவான். அந்த வெயிலில் பின்கழுத்து முழுக்க வேர்க்குரு, அதில் எண்ணெய், எண்ணெயில் தூசு. பிறகு பேன். கத்தரிக்கோலை எடுத்து ஒரே வெட்டாக வெட்டிவிடத் தோன்றும். சீப்பைத்தான் எடுப்பேன். என் கணவர் டிராக்டர் ஓட்டுகிறவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்பார். அந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் அவருடைய டிராக்டரை அவர் மேலேயே ஏற்றலாம் போலிருக்கும்.

ஒரு நாள் துணிந்துவிட்டேன். மாமியார் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மகனுக்குச் சடை போட்டு, நல்ல சட்டை மாட்டி, ரோட்டுக்கு வந்து பஸ் ஏறிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கவில்லை. அவன் அப்போது நன்றாகப் பேசத் தொடங்கியிருந்தான். "தாத்தா வீட்டுக்குப் போறோம்," என்று பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் அறிவித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்கார அம்மாள் அவன் கன்னத்தைக் கிள்ளி ஒரு மிட்டாய் கொடுத்தார்.

பாலம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவன் இருமினான்.

ஒரே ஒரு இருமல். மிட்டாய் புரையேறியிருக்கும். முன்னால் போன இரண்டும் நினைவுக்கு வந்தன. துணியில் சுற்றிக் கொண்டுபோனார்களே, அது நினைவுக்கு வந்தது. எழுந்து மணியை அடித்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கமே இறங்கி, வெயிலில் நின்று, வந்த வழியே பஸ் பிடித்துத் திரும்பினேன். அவன் தாத்தா வீடு எங்கே எங்கே என்று கேட்டு வழியெல்லாம் அழுதான். அன்று என்னைத் தடுக்க ஒரு ஆள்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மூன்றாம் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. பங்காளிகள் எல்லாரும் சுகம். தம்பி லீவு எழுதிக் கொடுத்துவிட்டான். முடி எடுத்த மறுநாளே கார் பிடித்துச் சுங்கை சோ போவதாகப் பேசிவைத்திருந்தோம். அன்று வேலை நேரத்தில் டிராக்டர் லயத்து வாசலுக்கே வந்து நின்றது. என் கணவர் இறங்கினார். தோட்டத்து ஆபீஸுக்குப் போன் வந்திருந்தது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். மாமியார்தான் முதலில் அசைந்தார். அழுதுகொண்டே பையில் மகனின் சட்டைகளைத் திணித்தார்.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிற? புள்ளைய தூக்கு. பேரன் நெய்ப்பந்தம் புடிக்கணும்லா, ஒங்கப்பாவுக்கு."

"ஆறு தாண்டணுமே அத்தை," என்றேன்.

"எழவுக்கு அதெல்லாம் ஏது ஆயி? சாமிக்குத் தெரியாதா?"

அவர் மனதில் கள்ளம் இல்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் அசையாத சாமி, பையில் சட்டையைத் திணிக்கிற நேரத்தில் இறங்கிவந்துவிட்டார். அப்பா உயிரோடு இருக்கும்போது இப்படி ஒரு தடவை கேட்டிருக்கலாமே என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. பிள்ளையைத் தூக்கினேன்.

கார் பாலத்தில் ஏறியபோது அவன் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "எவ்ளோ தண்ணி!" என்றான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருமவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. பாலம் முடிந்துவிட்டது.

சுங்கை சோ வீட்டில் அப்பாவை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். தம்பி வந்து என் இடுப்பிலிருந்து மகனை வாங்கினான். அவனைத் தரையில் இறக்கிவிட்டு, "அப்பா, வந்துட்டான் பாருங்க," என்றான். பிறகு, "நட்றா, தாத்தாவுக்கு நடந்து காட்டு," என்றான். கூட்டத்தைப் பார்த்து மிரண்டிருந்த பிள்ளை, மாமன் விரலைப் பிடித்துக்கொண்டு அப்பாவைச் சுற்றி நடந்தான். பந்தத்தைக் கையில் கொடுத்ததும் அதை ஆட்டாமல் பிடித்தான். நல்ல பிள்ளை, சமர்த்து என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கோபம்.

நான்காம் நாள் என் கணவர் கூப்பிட வந்தார். அவர் முகத்திலேயே சங்கடம் தெரிந்தது.

"அம்மா சொன்னாங்க, கட்டிக்குடுத்த பொண்ணுக்கு மூணு நாள்தான் தீட்டாம். புள்ளைக்கு ஒண்ணும் இல்லையாம். திருவிழா வருதுல்ல."

பார்த்தே இராத சித்தியவான் மனிதருக்குப் பதினாறு நாள், அதோடு என் வாழ்க்கையில் ஒரு வருடம். என்னைப் பெற்று, தோளில் தூக்கி வளர்த்தவருக்கு மூன்று நாள். அப்பாவின் கருமாதிக்கு முன்பே மகனைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். இந்த வருடமும் தட்டிப்போனால் என்ன ஆகுமோ என்ற பயம் அப்போதும் எனக்குள் இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது.

திருவிழா அன்று தாய்மாமன் மடி இல்லை. கொள்ளி வைத்தவன், தம்பியால் வர முடியாது. என் கணவரின் சித்தப்பா மகன் ஒருவரை உட்காரச் சொன்னார்கள். நான் போய் அந்தப் பலகையில் உட்கார்ந்தேன்.

"நீ ஏன் ஆயி ஒக்கார்ற?" என்றார் மாமியார்.

"என் தம்பி எடத்துல வேற யாரும் ஒக்கார வேணாம்," என்றேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு மாமியார் பிள்ளையை என் மடியில் வைத்தார். அந்தக் குடும்பத்தில் என் சொல் ஒன்று நின்றது அதுதான் முதல் தடவை. முடி என் மடியில் கொத்துக் கொத்தாக விழுந்தது. அவன் அழவே இல்லை. தலை லேசானது அவனுக்கே பிடித்துப்போய், தடவித் தடவிப் பார்த்துச் சிரித்தான்.

மாமியார் அவன் தலையில் சந்தனத்தைப் பூசிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரிய பாரத்தை இறக்கிவைத்த முகம். என் கையைப் பிடித்து, மனதாரச் சொன்னார்:

"வேண்டுதல் தீந்துச்சு ஆயி. இனிமே ஒரு தடையும் இல்ல. புள்ளைய தூக்கிக்கிட்டு நீ எப்ப வேணும்னாலும் ஒங்கப்பா வீட்டுக்குப் போயிட்டு வா."