நெவ்ஸாத்தின் பம்புக்குப் போன வளையம்

செஹெருக்குப் பளபளப்பு என்றால் ஒரு கிறுக்கு. புர்சா நகரத்துத் தொழிற்பேட்டையில், பம்புகளில் கசிவைத் தடுக்கும் அடைப்பு வளையம் செய்யும் பட்டறையில், கடைசித் தேய்ப்பு அவளுடையது. சுழலும் தட்டில் பொடியைக் குழைத்து விட்டு, எஃகு வளையத்தில் தன் முகம் தெரியும்வரை தேய்ப்பாள். வீட்டில் தேநீர்க் கெண்டியிலும் ஒரு கறை இருக்கக் கூடாது. அவள் கை பட்ட வளையத்தை யாரும் மறுபடி சோதிப்பதில்லை. அந்தப் பெருமைதான் அவளைக் கவிழ்த்தது என்று பட்டறையில் பேசிக்கொள்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, புருஷன் நெவ்ஸாத் மேல் அவளுக்கு இருந்த ஆசை.

நெவ்ஸாத் சாயப்பட்டறையில் கொதிசாயம் ஏற்றும் பம்பைப் பார்த்துக்கொள்பவன். அந்தப் பம்பின் வளையங்கள் ஒன்றோடொன்று வறட்டு உரசலாக உரசி, சூடேறி, வெடித்துவிடும். அதனால் பம்பைப் போட்டதும் தள்ளி நின்றுகொள்வான். அப்படியும் முன்கையெல்லாம் தழும்பு. வீட்டில் சாப்பிட்டு எழும்போது, "உன் கைக்கு ஒரு கொறையும் வரக்கூடாது" என்பான். சமைத்தவளுக்கு அந்த ஊரில் எல்லா வீட்டிலும் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் இவன் ஒருநாளும் சும்மா வாயசைத்துவிட்டுப் போனதில்லை; அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வான்.

அந்த உரசலுக்குப் பரிகாரமாகத்தான் பட்டறைக்கு லேசர் வந்தது. அதை இயக்கியவள் துலாய். வளையத்தின் முகத்தில் மயிரிழையைவிட ஆழம் குறைந்த குழிகளை வரிசையாகச் சுடுவாள். குழிகளில் தங்கும் ஈரம் இரண்டு வளையங்களையும் ஒட்டி உரசவிடாது. சுட்ட குழியைச் சுற்றி உருகிய விளிம்பு எழும்பி நிற்கும். அதை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்த வேண்டியது செஹெரின் வேலை.

"அக்கா, லேசா ஒரு தேய்ப்பு போதும். மொகம் பாக்கற அளவுக்குப் போயிடாத."

"அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருக்குடி. இத அனுப்ப வெக்கமா இல்ல உனக்கு?"

"அந்தத் தழும்புதான்க்கா வேலையே செய்யுது. நீ பவுடர் போட்டுக் கெடுத்துடாத."

செஹெர் சிரித்தாள். மற்றவர்களுக்குப் போன வளையங்களை எல்லாம் சொன்னபடியே செய்தாள். நெவ்ஸாத்தின் பம்புக்கு ஒன்றும் உதிரிக்கு ஒன்றுமாக வந்தபோதுதான் கை நிற்கவில்லை. அழுக்குப் படிந்தது போல மங்கலான ஒன்றை அவனுக்கு அனுப்ப மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தேய்த்தாள். முகம் தெரிந்தது. தானே துடைத்துப் பொட்டலம் கட்டினாள்.

வளையத்தை மாட்டிய அன்று நெவ்ஸாத் தள்ளி நிற்கவில்லை. கையுறைகூடப் போடாமல், சத்தம் சீராக இருக்கிறதா என்று பம்பின் மேல் குனிந்தான். வளையம் வெடித்துக் கொதிசாயம் இரண்டு கைகளிலும் பீறிட்டது. விரல்கள் இனி மடங்காது என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள்.

எல்லார் வாயிலும் துலாயின் தலை உருண்டது. அவள், பட்டறைப் பெட்டியில் இருந்த அந்த உதிரி வளையத்தை எடுத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

"நான் சுட்ட குழியெல்லாம் எங்கக்கா?"

செஹெர் முதலாளியிடம் போய், குழிகளைத் தேய்த்துப் போக்கியது தான்தான் என்று சொன்னாள். அவர் கத்தினார்; அது பெரிதாகத் தெரியவில்லை. வீட்டில் சொல்லத்தான் வாய் வரவில்லை. கட்டுப் போட்ட கைகளோடு கட்டிலில் கிடந்தவனுக்குப் பருப்பு சூப்பைக் கரண்டியால் ஊட்டினாள். ஒவ்வொரு வேளையும் அவன், அவள் கையை வாழ்த்தும் அதே வார்த்தையைச் சொன்னான். அவளுக்கு அது தாங்கவில்லை.

"அந்த லேசர்க்காரிதான் கெடுத்துட்டா," என்றான் ஒருநாள். "நீ தேய்ச்சது கண்ணாடியாட்டம் இருந்துச்சு. எல்லாரையும் கூப்ட்டுக் காட்டினேன் தெரியுமா?"

"கண்ணாடியாட்டம் இருந்திருக்கவே கூடாது, நெவ்ஸாத். அவ போட்ட குழிய நான்தான் தேய்ச்சுப் போக்கிட்டேன். உனக்குப் போறதாச்சே, நல்லா இருக்கணும்னு..."

அவன் தன் கைகளைப் பார்த்தான்.

"உன் கை பட்டதுன்னுதான் கிட்ட போனேன்," என்றான் பிறகு.

மீதி சூப்பையும் ஊட்டினாள். கரண்டி வரும்போதெல்லாம் வாயைத் திறந்தான். கிண்ணம் காலியானதும் வாயைத் துடைத்துவிட்டு, எழுந்திருக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவன் அந்த வார்த்தையைச் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.