காட்டேரியை விரட்டிய சனிக்கிழமை

2002 பிப்ரவரி 2, சனிக்கிழமை. பள்ளி அரைநாள்தான். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தேன், அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பிறகு அம்மா போட்ட டீயைக் குடித்தேன், முன் அறைக்குப் போனேன். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டின் முன் அறைதான் சாச்சாவின் பிரவுசிங் சென்டர். சாச்சா என்றால் அத்தாவின், அதாவது அப்பாவின் தம்பி. ஐந்து கம்ப்யூட்டர்களையும் ஒரே ஒரு தொலைபேசி இணைப்பையும் வைத்துக்கொண்டு அதை நடத்தினார். இணையம் ஓடுகிற வரைக்கும் வீட்டுக்கு ஒரு போன்கூட வராது என்பது அம்மாவின் தீராத குறை.

சாச்சாவுக்கோ கடையைவிட அவர் கட்டிய இணையதளம்தான் பெரிது. கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்கள் கூடிப் பேசுவதற்கான தளம் அது. தடிமனான ஒரு புத்தகத்தைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டு கட்டினார். மனம் சரியில்லாத நாட்களில் அதன் பின்னணி நிறத்தை மாற்றுவார். கடலூர், விழுப்புரம், சிங்கப்பூர் என்று பல ஊர் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். பாரிசிலிருந்தும் ஒருவர் வருவார்; எங்கள் ஊர்ச் சொல்தா குடும்பத்துப் பிள்ளை, தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்.

புதிதாகச் சேர்கிறவர்களை வரவேற்று நாலு வரி எழுதுவது என் வேலை. என் பெயர் அங்கே 'புயல்'. பன்னிரண்டு வயதுப் பெண் என்று வெளியூர்க்காரர்கள் யாருக்கும் தெரியாது. இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பனான விழுப்புரத்துக்காரர் ஒருவர் என்னை 'அண்ணே' என்றுதான் அழைப்பார். நானும் 'சொல்லு தம்பி' என்று பதில் எழுதுவேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடையில் கம்ப்யூட்டர் கால்பந்துப் போட்டி. கடலூர் அணி நேரில் வந்து ஆடுவதாகப் பேச்சு. எங்கள் அணிக்கு நாலு பேரைச் சாச்சா தேர்ந்தெடுத்திருந்தார். கடையிலேயே நன்றாக ஆடுகிறவன் என் அண்ணன். அவன் பெயர் அதில் இல்லை. ஏன் என்று அவன் கேட்கவில்லை, சாச்சாவும் சொல்லவில்லை. அவன் அப்போது பத்தாம் வகுப்பு.

அணி அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து தளத்தில் 'காட்டேரி' என்ற பெயரில் ஒருவன் எழுத ஆரம்பித்தான். பிரியாணி வாங்கிக் கொடுப்பவனுக்குத்தான் அணியில் இடம், பழைய போட்டிகளின் புள்ளிகளைக்கூட நிர்வாகியான சாச்சா தன் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டார் என்றெல்லாம் எழுதினான். சாச்சா அந்தப் பெயரைத் தடுத்தால் 'காட்டேரி மகன்' வந்தான். அவனைத் தடுத்தால் 'காட்டேரி பேரன்'. இதை நம்பிச் சிலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். கடைசியாக அந்தச் சனிக்கிழமை கடலூர் அணித் தலைவர் எழுதினார்: இன்றைக்குள் இதற்கு ஒரு முடிவு தெரியாவிட்டால் நாளை நாங்கள் பஸ் ஏறமாட்டோம்.

அன்று மாலை கடையில் சாச்சா, அணியில் இருந்த பையன்கள் மூன்று பேர், மூலைக் கம்ப்யூட்டரில் அண்ணன். சாச்சாவின் முதுகுக்குப் பின்னால் நான். கடலூருக்கு என்ன பதில் எழுதுவது என்று அவர் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தபோதே காட்டேரியின் புதிய பதிவு வந்து விழுந்தது. 'கடலூர் நண்பர்களே, பஸ் காசை வீணாக்காதீர்கள்.'

பாரிஸ்காரர் ஒரு யோசனை சொல்லியிருந்தார். பெயரைத் தடுத்துப் பயனில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் கீழே, அது எந்த இணைப்பிலிருந்து வந்தது என்று காட்டும் எண் ஒன்று நிர்வாகிக்கு மட்டும் தெரியும், அந்த எண்ணையே தடுத்துவிடுங்கள் என்று. சாச்சா எண்ணை எடுத்தார், தடைப் பெட்டியில் ஒட்டினார், பொத்தானை அழுத்தினார்.

"ஒழிஞ்சான்டா!"

"சாச்சா, எனக்கு உள்ள போவலயே," என்றான் ஒருவன்.

"எனக்கும்தான்."

சாச்சாவின் திரையிலும் அதே பக்கம். 'உமக்கு இங்கு இடமில்லை. திரும்பிச் செல்க.' ரோஷத்தோடு சாச்சாவே எழுதி வைத்த வாசகம்.

"இன்னா சாச்சா, ஒங்க வூட்டுக் கதவ நீங்களே சாத்திக்கினீங்களா?"

எல்லோரும் சிரித்தோம். ஐந்து கம்ப்யூட்டர்களும் ஒரே தொலைபேசி வழியாகத்தான் வெளியே போகின்றன. அதனால் வெளியிலிருந்து பார்த்தால் ஐந்துக்கும் ஒரே எண். அந்த எண் என்னவென்று எங்களில் யாரும் ஒருநாளும் பார்த்ததில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் ஒருவனுக்கு மூளை வேலை செய்துவிட்டது.

"டேய், அப்ப காட்டேரி நம்ம லைன்லதான எழுதிருக்கான்? இங்கதான்டா உக்காந்துனுகிறான்!"

பையன்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீதான்டா. நேத்து ஒன்ன கடைசி மேட்ச்சுல போட்டதுக்குத் திட்டுன இல்ல?"

"எங்கம்மா சத்தியமா நான் இல்ல. நீ ஏன் கீபோர்டுலேர்ந்து கைய எடுக்கற?"

அண்ணன் மட்டும் திரும்பவில்லை. 'திரும்பிச் செல்க' என்ற பக்கத்தையே திரும்பத் திரும்பத் திறந்துகொண்டிருந்தான். அவன் காது சிவந்திருந்தது. என்னைப் போல அவனுக்கும் கோபம் என்று நினைத்தேன்.

சாச்சா மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேசையைத் தட்டினார். "நிறுத்துங்கடா. நான்தான் தப்பு பண்ணிட்டேன். அவன் நம்பருக்குப் பதிலா நம்ம நம்பரப் போட்டுட்டேன்."

"நீங்கல்லாம் ஒரு அட்மினு!"

அந்தக் கேலியை எல்லாம் சாச்சா சிரித்தபடி வாங்கிக்கொண்டார். இணைப்பைத் துண்டித்து மறுபடி டயல் செய்தார். ஒவ்வொரு முறை டயல் செய்யும்போதும் வேறு எண் கிடைக்கும். புதிய எண்ணோடு உள்ளே போய்த் தடையை நீக்கினார். கடலூருக்கு ஒரு பதிவு போட்டார்: 'பிரச்சினை முடிந்தது. இனி வராது. அது என் பொறுப்பு.'

எனக்குத் தாங்கவில்லை. ஆளே பிடிபடவில்லை, இவர் எப்படி வாக்குக் கொடுக்கிறார்?

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் பையன்கள் போனார்கள். நான் விசைப்பலகைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாச்சா அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஒங்கத்தாதான்டா சொன்னாரு, பரிட்ச முடியற வரைக்கும் டீம்ல சேக்காதன்னு. மொதல்லயே ஒன்கிட்ட சொல்லிருக்கணும். நம்ம புள்ளதான, அப்பறம் சொல்லிக்கலாம்னு உட்டுட்டேன். என் தப்பு."

"சாச்சா, நான்தான்..."

"தெரியும். மொகத்தக் கழுவினு வா, தொழுவப் போலாம்."

பரீட்சைப் பேச்சுதான், இதில் எனக்கு என்ன என்று அடுத்த விசைப்பலகைக்கு நகர்ந்தேன்.

மறுநாள் காலை சாச்சா முதலில் செய்த வேலை கம்ப்யூட்டரைப் போட்டதுதான். வழக்கமாகக் கடையைக் கூட்டிய பிறகே போடுவார். கடலூர்க்காரர்கள் பஸ் ஏறக் கிளம்பிவிட்டதாக ஒரு பதிவு வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு, நிர்வாகி என்ற இடத்தில் தன் பெயருக்குக் கீழே அண்ணனின் பெயரைச் சேர்த்தார். இனி அவனும் பதிவை நீக்கலாம், ஆளைத் தடுக்கலாம்.

ஒரு வருஷமாக எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருப்பவள் நான். வருத்தத்தை வெளியே காட்டாமல் கொல்லைப்புறம் போனேன். அண்ணன் பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

"ஒன்ன அட்மின் ஆக்கிட்டாரு சாச்சா. இனிமே காட்டேரி வந்தா உட்டுடாத, புடிச்சுக் குடு," என்றேன்.

வாய் நிறைய நுரையோடு தலையை மட்டும் ஆட்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. பதவி வந்த உடனே எவ்வளவு பொறுப்பு வந்துவிட்டது என்று வியந்துகொண்டே, கடையைக் கூட்டத் துடைப்பத்தை எடுத்தேன்.